பெண்கள் ஐக்கிய சங்கத்தில் தகப்பன் சொத்தைப் பேசுவது எப்படி

திருச்சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு 'பெண் சமத்துவம்' என்று தலைப்புக் கொடுத்தால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். மீதிப் பேர் ஆயரம்மாவின் (போதகரின் மனைவி) முகத்தைப் பார்ப்பார்கள். 'தகப்பன் சொத்து' என்று அறிவியுங்கள். வராதவர்களும் வருவார்கள்.

வேதத்திலிருந்து தொடங்குங்கள். எண்ணாகமம் 27-ஐ ஐந்து பெண்கள் வாசிக்கட்டும். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்ற பெயர்களை ஆளுக்கொன்றாக உரக்கச் சொல்ல வேண்டும். ஆண்பிள்ளை இல்லாத செலொப்பியாத்தின் மகள்கள் இவர்கள். மோசேக்கும் பிரபுக்களுக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக நின்று பங்கு கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்றார் கர்த்தர். வழக்கமாக இந்த இடத்தில் ஜெபித்துக் கலைந்துவிடுவோம். கலையாதீர்கள். 36-ஆம் அதிகாரத்தில் வம்சத் தலைவர்கள் வந்து முறையிடுகிறார்கள். சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே மணமுடிக்க வேண்டும் என்று அந்தப் பெண்களுக்கு நிபந்தனை விழுகிறது. யோசுவா 17-இல் அவர்கள் மறுபடியும் போய்க் கேட்டுத்தான் நிலத்தை வாங்குகிறார்கள்.

இதன் பின் மேரி ராயைச் சொன்னால் விளக்கமே தேவையில்லை. கோட்டயத்தில் பள்ளி நடத்திய சிரியன் கிறிஸ்தவப் பெண். 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986 பிப்ரவரியில், அங்கேயும் 1951 முதல் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்றது. கேரளத் திருச்சபைகளில் பலத்த எதிர்ப்பு கிளம்பியது. மேரி ராயின் பங்கு அவர் கைக்கு வர அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இப்போது கரும்பலகைக்கு வாருங்கள். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கும் அதே 1925 சட்டம்தான். 90 சென்ட் நிலம். உயில் எழுதாமல் இறந்தவருக்கு மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் என்று எழுதுங்கள். மனைவிக்கு மூன்றில் ஒன்று, 30 சென்ட். மீதி 60-ஐ மூன்று பிள்ளைகளும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 20. சாக்பீஸை ஒரு பாட்டியிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். கணக்கு முடியும்போது எந்த மகளும் சும்மா இருக்கமாட்டாள்.

"நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன பங்கு?" என்று ஒரு மாமியார் நிச்சயம் கேட்பார். சண்டைக்குப் போகாதீர்கள். தகப்பன் உயிரோடிருக்கையில் பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 49-ஆம் பிரிவே சொல்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் மகளுக்கும் இதே கணக்குத்தான் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். உயில் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். 1986-க்குப் பிறகு கேரளத்தில் உயில் எழுதுவதில் திடீரென்று அக்கறை பிறந்ததற்குக் காரணம் அதுதான்.

கலையும் முன், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் விடுதலைப் பத்திரம் பற்றிப் பேசியே ஆக வேண்டும். துக்கம் விசாரிக்க வந்த வீட்டிலேயே, "சும்மா ஒரு கையெழுத்து" என்று அண்ணன் நீட்டும் காகிதம் பெரும்பாலும் அதுதான். அன்றே கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள்.