முட்டு (ஆஸ்துமா) உள்ளவர்கள் நிமிர்ந்து நிற்பதற்கு

முதலில், "கூனாதே, நிமிர்ந்து நில்" என்று வீட்டில் அதட்டுவதை நிறுத்துங்கள். மட்டக்களப்பில் இயன் மருத்துவராக வேலை செய்யும் நான், முட்டு வருத்தத்தோடு வளர்ந்த இளைஞர்களின் பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது இதைத்தான். அந்தத் தோள்கள் சோம்பலால் குறுகவில்லை. மூச்சுக்குழாய் சுருங்கும்போது உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாமல் தேங்குகிறது. நெஞ்சு உப்புகிறது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோலக் குவிந்திருக்க வேண்டிய மூச்சுத் தசையான உதரவிதானம் தட்டையாகிறது. அதன் வேலையைக் கழுத்துத் தசைகள் ஏற்றுக்கொள்ள, தோள் உயர்ந்து தலை முன்னே வருகிறது. நடு உடம்பை உறுதியாகப் பிடித்திருப்பதிலும் உதரவிதானத்துக்குப் பங்குண்டு. மூச்சுக்கே அது திணறினால் நிற்பதும் தளம்பும்.

ஆகவே மூச்சிலிருந்து தொடங்குங்கள். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, ஒரு கையை வயிற்றிலும் மற்றதை நெஞ்சிலும் வையுங்கள். மூக்கால் மெல்ல இழுக்கும்போது வயிற்றிலுள்ள கை எழ வேண்டும், நெஞ்சிலுள்ள கை அடங்கியிருக்க வேண்டும். பிறகு உதடுகளைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து ஊதிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். பழகிய பின் இருந்தபடியும், அதன்பின் நின்றபடியும் செய்யலாம்.

மருதமுனைக் கைத்தறி நெசவாளர் ஒருவர் என்னிடம் வந்தபோது, ஒவ்வொரு மூச்சுக்கும் அவருடைய காறை எலும்புக்கு மேலுள்ள குழி உள்ளே இழுபட்டது. நாள் முழுதும் தறியில் குனிந்த இருப்பு. போதாததற்கு நூல் தூசு. வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளச் சொன்னேன். குழலில் நூல் தீரும்போதெல்லாம் எழுந்து சுவரில் முதுகும் பின்தலையும் படச் சாய்ந்து, மூச்சை விட்டபடி கைகளைச் சுவரோடு மேலே வழுக்கிக் கொண்டுபோகப் பழக்கினேன். மேசையில் குனிந்து படிப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

சமநிலைக்கு, சுவரருகே ஒரு பாதத்தின் முன் மற்றதை, அதன் குதிகால் பின்னுள்ள பாதத்தின் விரல்களில் முட்டும்படி வைத்து அரை நிமிடம் நில்லுங்கள். அடுத்து ஒற்றைக் காலில். தளம்பும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வாய்விட்டு எண்ணினால் அது நடக்காது. இவை கைவந்த பின் கல்லடிக் கடற்கரையில் வெறுங்காலோடு நடவுங்கள். மணல் காலுக்கு நல்ல வேலை கொடுக்கும். கச்சான் காற்று புழுதி கிளப்பும் நாளிலும், நெல் சூடடிக்கும் தூசு பறக்கும் பக்கமும் வேண்டாம்.

மருத்துவர் தந்த தடுப்பு இன்ஹேலரை நாள் தவறாமல் எடுங்கள். உடனடி நிவாரண இன்ஹேலர் எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். இழுப்பு இருக்கும் நாளில் பயிற்சியே வேண்டாம். முட்டு வந்துவிட்டால் நிமிரவும் முயலாதீர்கள்: இன்ஹேலரை எடுத்துவிட்டு, முன்னே சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி இருங்கள். அந்த நேரத்தில் குனிவதுதான் மூச்சுக்கு உதவும். அப்படியும் ஒரு வசனத்தைப் பேசி முடிக்க முடியவில்லையென்றாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ, உடனே 1990க்கு அழைத்து ஆம்புலன்சை வரவழையுங்கள்.