வட சென்னையில் ரூம் போடும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

தண்டையார்பேட்டையில் கல்யாணம், தி. நகரில் ரூம். ஸ்டான்லியில் ஆபரேஷன், வடபழனியில் ரூம். வெளியூரில் இருந்து வட சென்னைக்கு வேலையாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். ஏன் என்று கேட்டால் "எங்களுக்குத் தெரிஞ்ச இடம் அதுதானே" என்பார்கள். இன்னும் கொஞ்சம் கிளறினால், "இல்ல, அந்தப் பக்கம் ராத்திரியில எப்படியோ..." என்று இழுப்பார்கள். சினிமா கற்றுக்கொடுத்த பயம். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் ராத்திரி பத்து மணிக்கு இட்லி மாவு பாக்கெட்டோடு வீட்டுக்கு நடந்து போகிற தெருக்கள்தான் இங்கேயும். நள்ளிரவில் பெட்டியும் கையுமாக ஆளில்லாத சந்தில் நிற்பது எந்த ஊரிலும் நல்லதில்லை. அதற்கு மேல் வட சென்னைக்கென்று தனியாக ஒரு பயம் தேவையில்லை.

இந்தப் பயத்துக்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு நாலரைக்கே குழந்தைகளை எழுப்பி, பட்டுப்புடவையோடு தெருவில் நின்று டாக்சிக்கு போனை நோண்டிக்கொண்டிருப்பது. அப்படிப் போய்ச் சேரும்போது தாலி கட்டி முடிந்திருக்கும். பந்திக்குத்தான் நேரம் சரியாக இருக்கும்.

மேப்பில் பக்கம், வண்டியில் தூரம்

சரி, வடக்கிலேயே தங்குவது என்று முடிவாகிவிட்டது. அடுத்த தவறு, மேப்பைத் திறந்து கல்யாண மண்டபத்துக்கு இரண்டு கிலோமீட்டரில் ஒரு லாட்ஜைப் பிடிப்பது. தென் சென்னையில் இந்தக் கணக்கு ஓரளவு செல்லும். இங்கே செல்லாது. வட சென்னையை ரயில் பாதைகள் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருக்கின்றன. சென்ட்ரலில் இருந்தும் கடற்கரை நிலையத்தில் இருந்தும் கிளம்பும் பாதைகள், பேசின் பிரிட்ஜில் சென்ட்ரல் பாதைகள் பிரியும் இடம், தண்டையார்பேட்டை சரக்கு யார்டு, துறைமுகத்துக்குப் போகும் தடங்கள். போதாக்குறைக்குப் பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா என்கிற ஓடை. இவற்றைத் தாண்ட அங்கொரு பாலம், இங்கொரு சுரங்கப்பாதை, நடுவில் ரயில்வே கேட்.

எம்.கே.பி. நகரும் தண்டையார்பேட்டையும் மேப்பில் கை நீட்டினால் தொடுகிற தூரம். நடுவில் கால்வாயும் ரயில் பாதையும் ஓடுகின்றன. கொருக்குப்பேட்டைப் பக்கம் கேட் விழுந்துவிட்டால் தெரியும் சேதி. பைக்குகள் இடுக்கில் புகுந்து முன்வரிசைக்குப் போய்விடும். ஷேர் ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்துவிட்டுக் காலை நீட்டிக்கொள்வார். சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாக நகர்ந்து முடிந்து, "அப்பாடா, கேட் ஏறப்போகுது" என்று பார்த்தால் எதிர்ப்பக்கம் இருந்து இன்னொன்று வரும். எட்டு நிமிடம் என்று மேப் சொன்னது உங்களுக்கு ஒரு மணி நேரம்போலத் தோன்றும்.

அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் வட சென்னையை மூன்று பட்டையாகப் பிரித்துத்தான் சொல்வேன். கடலோரப் பட்டை ஒன்று: பாரிமுனை, மண்ணடி, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். மெட்ரோவின் நீல வழித்தடமும் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலும் இதற்குத்தான். மேற்குப் பட்டை: வியாசர்பாடி, பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர் என்று அரக்கோணம் பாதையை ஒட்டிப் போவது. மூன்றாவது ஜி.என்.டி. சாலைப் பட்டை: மூலக்கடை, மாதவரம், புழல், செங்குன்றம். அங்கே மெட்ரோ வேலை நடக்கிறது, இப்போதைக்கு பஸ்தான் கதி. உங்கள் வேலை எந்தப் பட்டையில் இருக்கிறதோ அதே பட்டையில் தங்குங்கள். அங்கே கிடைக்காவிட்டால் எல்லாப் பக்கத்துக்கும் வண்டி கிடைக்கிற சென்ட்ரல் பக்கம் தங்குங்கள். ஒரு பட்டையில் தங்கி இன்னொன்றுக்குத் தினமும் குறுக்கே போய் வரும் ஏற்பாடு மட்டும் வேண்டாம்.

மழைக்காலத்தில் இது இன்னும் கறாரான விஷயம். வடகிழக்குப் பருவமழை கொஞ்சம் பலமாகப் பெய்தாலே வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை செய்தியில் வந்துவிடும். புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி பக்கம் முழங்கால் தண்ணீர் நிற்கும். புரசைவாக்கத்தில் நல்ல ஓட்டல்கள் இருக்கின்றன, குடும்பத்தோடு தங்க வசதியான இடம்தான். ஆனால் அங்கிருந்து பெரம்பூர் போகிற வழி பெரும்பாலும் இந்த இடங்கள் வழியாகத்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரம்பூரில் வேலை என்றால் பெரம்பூரிலேயே தேடுங்கள். அங்கே இன்னொரு வசதியும் உண்டு. கோவை, பெங்களூரு பக்கம் இருந்து வரும் விரைவு ரயில்களில் பல பெரம்பூரில் நின்றுதான் சென்ட்ரல் போகும். அங்கேயே இறங்கிவிடலாம்.

லாட்ஜ் எங்கே இருக்கிறது

திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் ஓட்டல் தேடி ஏமாந்தவர்கள் அதிகம். அது குடியிருப்பும் தொழிற்சாலையுமாக வளர்ந்த பகுதி. தங்கும் விடுதிகள் எண்ணிக்கையில் குறைவு. கல்யாண மண்டபத்து மாடி அறைகளைத் தாண்டி ஆப்பில் தென்படும் இரண்டு மூன்று பெயர்களில் எது சுமார், எது மோசம் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டபிறகு இந்தக் கவலை பாதி தீர்ந்துவிட்டது. சென்ட்ரலில் ஏறினால் உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை என்று போய் அரை மணி நேரத்தை ஒட்டித் திருவொற்றியூர். மேலே என்ன லாரி நெரிசல் இருந்தாலும் உங்களுக்குக் கவலையில்லை. முதல் ரயில் காலை ஐந்து மணி வாக்கில்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காசிமேட்டு மீன் ஏலம் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த நேரமே தாமதம். அவர்கள் ஆட்டோவைத்தான் நம்ப வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதைப் பார்க்காமல் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

லாட்ஜ்கள் அடர்ந்து கிடப்பது சென்ட்ரலைச் சுற்றி, பாரிமுனை வரை. இதற்குள்ளேயே இடத்துக்கு இடம் குணம் மாறும். வால்டாக்ஸ் சாலை, சென்ட்ரலின் பக்கவாட்டிலேயே ஓடுவது. அதிகாலை ரயிலுக்கு அதைவிட வசதி கிடையாது. ஆனால் பார்சல் ஆபீஸ்கள் நிறைந்த சாலை. ஊர் அடங்கும் நேரத்தில் அங்கே லாரி பின்னோக்கி வரும், மூட்டை விழும், "வா... வா... வா... நிறுத்து!" என்று குரல் கேட்கும். தெருவைப் பார்த்த ரூம் என்றால் தூக்கம் போச்சு. பின்பக்க ரூம் கேளுங்கள். ஜன்னல் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. பெரியமேடு கொஞ்சம் அமைதி. தோல் வியாபாரிகள் வந்துபோகிற இடம் என்பதால் லாட்ஜ்காரர்களுக்கு வெளியூர் ஆட்கள் பழக்கம்.

சவுகார்பேட்டையில் மொத்த வியாபாரச் சரக்கு எடுக்க வருகிறவர்கள் உள்ளேயே தங்க ஆசைப்படுவார்கள். தங்கசாலை தெருவிலோ காசி செட்டி தெருவிலோ பகலில் கார் நுழைவது நடக்கிற காரியம் இல்லை. கைவண்டியும் ஸ்கூட்டரும் மாடும் போக மீதி இருக்கிற இடத்தில்தான் மனிதர்கள் நடக்கிறார்கள். பெட்டியோடு என்.எஸ்.சி. போஸ் சாலையில் இறக்கிவிட்டு ஆட்டோக்காரர் போய்விடுவார். மீதி வழி தலைச்சுமைதான். வயதானவர்கள் கூட இருந்தால் உள் தெருக்கள் வேண்டாம். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை. பாரிமுனை, சவுகார்பேட்டை மொத்தக் கடைகள் பெரும்பாலும் அன்று பூட்டுதான். அண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கலாம் என்று சனிக்கிழமை ராத்திரி வந்து ரூம் எடுத்து, ஞாயிறு முழுக்க ஷட்டரைப் பார்த்துக்கொண்டு உட்காருவது தண்டச்செலவு.

பாரிமுனையில் கோர்ட்டும் கடைகளும் மூடிய பிறகு தெரு சட்டென்று வெறிச்சோடிவிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இறங்கி சாப்பாட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கிடைக்கும். குழந்தைகளுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்பது உங்கள் பாடு. மண்ணடி நேர் எதிர், நேரம் கழித்தும் விழித்திருக்கும். ரம்ஜான் மாதத்தில் விடிய விடியக் கூட்டம். சாப்பாட்டுப் பிரியர்களுக்குச் சொர்க்கம், சீக்கிரம் படுப்பவர்களுக்குத் தொல்லை.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்

அவசரத்தில் வருகிறவர்கள் என்பதால் இவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். முதலில் எந்த ஆஸ்பத்திரி என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் "மெட்ராஸ் ஜி.எச்.ல சேர்த்திருக்கு" என்பார்கள். அது சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிற ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையாகவும் இருக்கலாம், பழைய ஜெயில் சாலையில் இருக்கிற ஸ்டான்லியாகவும் இருக்கலாம். முதலாவது என்றால் பெரியமேடு. சுரங்க நடைபாதை வழியாகச் சாலையைக் கடந்துவிடலாம். ஸ்டான்லி என்றால் மண்ணடி அல்லது பழைய வண்ணாரப்பேட்டை; நடுராத்திரி கூப்பிட்டாலும் ஆட்டோவில் சில நிமிடத்தில் போய்விடலாம். வார்டில் ஒருவரைத்தான் கூட இருக்க விடுவார்கள், மற்றவர்கள் குளிக்க, துணி மாற்ற, மாறி மாறித் தூங்கத்தான் இந்த ரூம். அதற்கு ஏசியும் டிவியும் வேண்டாம், பக்கம் என்பது ஒன்றே போதும். நோயாளியைக் கண்டதும் கமிஷனுக்காக ரூமுக்கு அழைத்துப் போகிறவர்கள் வாசலில் இருப்பார்கள். காசு கொடுக்குமுன் படியேறி அறையைப் பாருங்கள்.

பெயர்க் குழப்பம்

சிரிப்பாக இருக்கும், ஆனால் மாதாமாதம் நடக்கிறது. ராயபுரத்துக்கு ராயப்பேட்டையில் புக் செய்வது. திருவொற்றியூருக்குத் திருவான்மியூரில் புக் செய்வது. ஒன்று நகரத்தின் வட கோடி, இன்னொன்று தென் கோடி. மூலக்கடை மாதவரம் போகும் வழி, மூலக்கொத்தளம் பேசின் பிரிட்ஜ் பக்கம். புதுப்பேட்டை எழும்பூரை ஒட்டியது, புது வண்ணாரப்பேட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆப்பில் ஓட்டல் பெயருக்குப் பக்கத்தில் "சென்ட்ரல்" என்று போட்டிருந்தால் அதை நம்பாமல் பின்கோடைப் பாருங்கள்.

மணலி, எண்ணூர்

கம்பெனி வேலையாக மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமோ எண்ணூர் பக்கமோ வருகிறவர்கள் ஆலைக்குப் பக்கத்திலேயே தேடுகிறார்கள். வேண்டாம் என்பேன். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையும், காற்றில் வருகிற வாடையும் ஒரு நாளிலேயே அலுத்துவிடும். சென்ட்ரல் பக்கம் தங்கி விம்கோ நகர் வரை மெட்ரோவில் போய், கம்பெனி வண்டியை அங்கே வரச்சொல்வதுதான் புத்திசாலித்தனம். கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குக் காற்று வீசும் திசையில் இருக்கிற தெருக்களுக்கும் இதே எச்சரிக்கை.

திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் பௌர்ணமி நாட்களைப் பார்த்து வர வேண்டும், அன்று கூட்டம் தனி ரகம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி ஆதிபுரீஸ்வரரின் கவசம் மூன்று நாள் மட்டும் திறக்கப்படும். அந்த நாட்களில் அக்கம்பக்கத்தில் கடைசி நேரத்தில் அறை கிடைக்கும் என்று எண்ணாதீர்கள்.

போனில் கேட்க வேண்டியது

ஆப்பில் பணம் கட்டுவதற்கு முன் லாட்ஜுக்கு நேராக ஒரு போன் போடுங்கள். கேட்க வேண்டியவை ஐந்தாறுதான். செக்-அவுட் 24 மணி நேரமா, மதியம் 12 மணியா? சென்ட்ரல் பக்கத்துப் பழைய லாட்ஜ்களில் பல 24 மணி நேரக் கணக்கு. காலை ஐந்து மணி ரயிலில் இறங்குகிறவர்களுக்கு அது பெரிய லாபம். ஆப் வழியாகப் போனால் பெரும்பாலும் மதியம் கணக்குதான், விடிகாலையில் போனால் இரண்டு நாள் வாடகை கேட்பார்கள். லிப்ட் வேலை செய்கிறதா? வெந்நீர் எந்த நேரம்? பல இடங்களில் காலையில் சில மணி நேரம் மட்டும் விடுவார்கள். குளிக்கிற தண்ணீர் உப்பா? போர் தண்ணீர் என்றால் சோப்பு நுரைக்காது. ஜன்னலுக்குக் கொசுவலை உண்டா? கால்வாய் ஓரத்தில் இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். எல்லாருடைய ஆதாரும் வேண்டுமா, ஒருவருடையது போதுமா? இதை முன்பே கேட்டுவைத்தால் நடுராத்திரி கவுன்டரில் நின்று ஜெராக்ஸ் கடை தேடுகிற நிலைமை வராது.

வருகிற வண்டியையும் போகிற வண்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். விமானத்தில் வருகிறவர்களுக்குச் சுலபம், மெட்ரோவில் மாறாமலே திருவொற்றியூர் வரை வந்துவிடலாம். தென் மாவட்ட பஸ்ஸில் வந்தால் 2023 டிசம்பர் கடைசியில் இருந்து கிளாம்பாக்கம்தான். வட சென்னைக்கு அங்கிருந்து 40 கிலோமீட்டர் பக்கம். டாக்சியில் காசைக் கரைக்காமல் மின்சார ரயிலில் பூங்கா நிலையம் வரை வந்து, எதிரே சென்ட்ரலில் மெட்ரோ பிடிக்கலாம். மாதவரத்தில் இருந்து போய்வருகிற தென் மாவட்ட பஸ்களும் சில உண்டு, டிக்கெட் எடுக்கும்போதே விசாரியுங்கள். திரும்பிப்போகும் ரயில் சென்ட்ரலா, எழும்பூரா, தாம்பரமா என்பதை டிக்கெட்டில் ஒருமுறை படித்துவிடுங்கள். தாம்பரம் என்று போட்டு, அதுவும் அதிகாலை வண்டியாக இருந்தால், கடைசி ராத்திரிக்கு மட்டும் மூட்டையைக் கட்டிக்கொண்டு தெற்கே மாறிவிடுவது தேவலை.