பழைய ஜீப்பில் பின் ஆக்சில் கோணலா? கண்டுபிடிக்கும்போது செய்யும் தவறுகள்

பின் ஆக்சில், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் தண்டு, இடம் மாறிவிட்ட ஜீப்பை ஓட்டுகிறவருக்கு அது சீக்கிரத்தில் தெரியாது. பின்னால் பைக்கில் வருகிற யாராவதுதான் சொல்வார், "அண்ணே, வண்டி கோணலா போகுது" என்று. ஓட்டுகிறவர் கவனிப்பது ஒன்றைத்தான்: நேர் ரோட்டிலும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பியே நிற்கிறது. உடனே வீல் அலைன்மென்ட் கடைக்கு வண்டியை விடுகிறார். முதல் தவறு அங்கேதான்.

இங்கே சொல்வதெல்லாம் பட்டை ஸ்பிரிங் ஜீப்புகளைப் பற்றி. மஹிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்ட ஆரம்பித்ததிலிருந்து வந்த அந்த வம்சம். போடி, கம்பம் பக்கமிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவதும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுவதும் பெரும்பாலும் இந்த மாதிரி வண்டிகள்தான். இவற்றில் பின் ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைக்கத் தனிக் கம்பிகள் கிடையாது. இரண்டு பட்டைக் கட்டுகள் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள்), கட்டை ஆக்சிலோடு இறுக்கும் நான்கு யூ போல்ட், கட்டின் நடுவே ஊடுருவி ஆக்சிலை இடத்தில் நிறுத்தும் சென்டர் போல்ட் கட்டுக்கு ஒன்று, அவ்வளவுதான்.

அலைன்மென்ட் கடையில் இந்த ஜீப்புக்குச் செய்யக்கூடியது கொஞ்சம். இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைத் திருகி அவற்றைச் சரிசெய்வார்கள், இன்னொரு ராடைத் திருகி ஸ்டீயரிங்கை நேராக்குவார்கள். வெளியே வரும்போது ஸ்டீயரிங் நேராக இருக்கும், வண்டி அதே கோணலில்தான் போகும். நோயைக் காட்டிய ஒரே அடையாளத்தையும் அழித்தாயிற்று. கடைக்காரர் மேல் தப்பில்லை, கேட்டதைச் செய்தார்.

அந்த அடையாளத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எந்தப் பக்கச் சக்கரம் பின்னால் தள்ளியிருக்கிறதோ, அந்தப் பக்கம் வண்டியின் பின்பகுதி ஒதுங்கும். ஸ்டீயரிங்கும் அந்தப் பக்கமே திரும்பி நிற்கும். இடது சக்கரம் பின்தங்கியிருந்து ஸ்டீயரிங் வலது பக்கம் திரும்பி நின்றால், ஆக்சிலோடு வேறு ஏதோ கோளாறும் இருக்கிறது. அளவு சின்னதாக இருக்கிறதே என்று விட்டுவிடவும் கூடாது. இந்த வம்சத்து மாடலான சி.ஜே.3பி-யில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் 80 அங்குலம், அதாவது 2032 மி.மீ. இடது வலது சக்கரங்களுக்கு இடையே சுமார் 1230 மி.மீ. ஒரு சக்கரம் 10 மி.மீ. பின்தங்கினால் பின் சக்கரத் தடம் முன் தடத்திலிருந்து சுமார் 16.5 மி.மீ. விலகும். ஈர ரோட்டில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டி, இறங்கித் தடத்தைப் பாருங்கள். இதற்கு மெஷின் வேண்டாம்.

அளக்கிறவர்கள் அடிக்கடி ஏமாறுவது பாடியை நம்பி. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி இடது பக்கம் இவ்வளவு, வலது பக்கம் இவ்வளவு என்று டேப் வைப்பார்கள். முப்பது நாற்பது வருட ஜீப்பில் பாடி எத்தனை முறை இறங்கி ஏறியிருக்கும், எத்தனை இடத்தில் தகடு வெட்டி வெல்டு வைத்திருப்பார்கள்! அதை வைத்து அளந்தால் எந்த முடிவுக்கும் வரலாம். இன்னொரு வேடிக்கை, கீழே குனிந்து, ஆக்சிலில் உருண்டையாகப் புடைத்திருக்கும் பல்சக்கரப் பெட்டியைப் பார்த்து "கிரவுன் நடுவில் இல்லை, ஆக்சில் வலது பக்கம் நகர்ந்துவிட்டது" என்பது. வில்லிஸ் வழி வந்த வண்டிகளில் முன் பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸிலிருந்து ஷாப்ட் வெளிவருவதே வலது பக்கம் தள்ளி. அதனால் கிரவுன் ஹவுசிங்கும் வலது பக்கம் தள்ளித்தான் இருக்கும். அது பிறவியிலேயே அப்படி.

முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரு பக்கமும் அளப்பது பரவாயில்லை, ஆனால் வித்தியாசம் வந்தால் நகர்ந்தது முன் ஆக்சிலா பின் ஆக்சிலா என்று அது சொல்லாது. அளக்க வேண்டிய இடம் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். பின் பட்டையின் முன் நுனி சேசிஸில் மாட்டியிருக்கும் போல்ட்டின் மையத்திலிருந்து, அதே பக்கத்து ஆக்சில் ஹவுசிங் (ஆக்சிலை மூடியிருக்கும் குழாய்) வரை. தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து அளந்தால் குழப்பம் குறையும். இரு பக்கமும் சமமாக இருந்தும் வண்டி கோணலாகப் போனால், சேசிஸையே குறுக்காக அளந்து பாருங்கள். பட்டை மாட்டும் பிராக்கெட் ரிவெட் தளர்ந்து நகர்ந்திருக்கலாம், சேசிஸே கோணியிருக்கலாம்.

இதையெல்லாம் ஜாக்கி போட்டு, சக்கரம் தொங்கும்போது அளக்கவே கூடாது. சமதரையில், நான்கு டயரிலும் சரியான காற்றோடு, வண்டி தன் காலில் நிற்க வேண்டும். ஒரு பக்கப் பட்டை தளர்ந்து படுத்திருந்தால் அந்தப் பக்கம் ஆக்சில் தானாகவே கொஞ்சம் பின்னால் போகும், ஏனென்றால் வளைவு குறைந்த பட்டை நீளும். ஒரு பக்கம் மட்டும் கூடுதல் பட்டை ஏற்றிய வண்டிகளில் இது சகஜம். சில கட்டுகளில் சென்டர் போல்ட் துளை சரியாக நடுவில் இருக்காது. அதை முன்பின் மாற்றிப் பூட்டினாலும் இதே கதைதான்.

டயர் தேய்மானத்தை வைத்துத் தீர்ப்பு சொல்கிறவர்களும் உண்டு. ஆக்சில் முழுதாகத் திரும்பியிருந்தால் இரண்டு பின் சக்கரமும் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கும், பின் டயர் பெரிதாகத் தேயாது. தேய்மானம் இல்லை, அதனால் கோளாறும் இல்லை என்று நினைப்பது தப்பு. ஒரு பின் டயர் மட்டும் ஓரத்தில் அரிக்கிறது என்றால் ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அதற்கு முன், பின் சக்கரங்கள் இணையாக இருக்கின்றனவா என்று ரிம்மில் அளந்து, ரிம்மை அரைச்சுற்று சுற்றி மறுபடி அளங்கள். அளவு மாறினால் வளைந்தது ரிம்தான். வீல் பேரிங் ஆட்டத்தையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கடைசியில் பெரும்பாலும் குற்றவாளி சென்டர் போல்ட். யூ போல்ட் தளரும், பட்டை அசையும், கல்லும் பள்ளமும் சேர்ந்து போல்ட்டின் தலையை அறுத்துவிடும். பட்டையும் ஹவுசிங்கும் சேரும் இடத்தில் பளபளவென்று தேய்ந்த கோடும், சுற்றி சிவப்புத் துருப்பொடியும் இருந்தால் அதுதான். இந்த இடத்தில் நடக்கும் மோசமான வேலை, ஆக்சிலைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளி யூ போல்ட்டை மட்டும் முறுக்கிவிடுவது. அதைவிட மோசம், வெல்டு வைப்பது. கட்டைக் கழற்றிப் புது சென்டர் போல்ட் போட்டு, அதன் தலை ஹவுசிங்கில் உள்ள குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்த்து, புது யூ போல்ட்டால் கட்ட வேண்டும். பழைய யூ போல்ட் ஒரு முறை இழுபட்டது, அதை நம்ப வேண்டாம். ஓரிரு நாள் லோடோடு ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். அதற்கப்புறம் போங்கள் அலைன்மென்ட் கடைக்கு.