மடங்காத கணுக்காலுக்கு ஒரு கியர் லீவர்

விபத்தில் இடது கணுக்கால் நொறுங்கி, பிளேட் ஸ்குரூ எல்லாம் வைத்த பிறகு பாதம் மேலே மடங்கவே இல்லை. வீட்டில் நானே கட்டிக்கொண்டிருந்த பைக்கிலோ முதல் கியர் கீழே, மற்றதெல்லாம் மேலே, அதாவது விரலால் லீவரைத் தூக்கியாக வேண்டும். ஆனால் தொடையிலிருந்து காலைத் தூக்கிக் குதிகாலால் மிதிக்க முடிந்தது, அதனால் லீவரைப் பின்பக்கமும் நீட்டிவிட்டால் போதும் என்று தோன்றியது.

எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு ஷூ போட்டு வண்டியில் உட்கார்ந்து அட்டையில் அளவு வெட்டினேன். மன்னார்குடியில் ஒரு லேத் பட்டறையில் 6 மி.மீ. இரும்புப் பட்டையை அதே வடிவில் அறுத்துக் கொடுத்தார்கள். லீவர் மாட்டும் கியர் ஷாஃப்டின் பல்லுக்கு ஏற்ற துளையைப் புதிதாக வெட்டுவது வீண் செலவு, பழைய லீவரின் தலையை அறுத்துப் பட்டையோடு வெல்டிங் வைத்தாலே சரியாக உட்காரும். கோணத்தை வண்டியில் மாட்டி சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள், வெல்டிங்கை மட்டும் கழற்றி வைத்துச் செய்யுங்கள், ஷாஃப்ட் வழியாகச் சூடு உள்ளே போனால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் கருகிவிடும்.

லீவரின் பின்பக்கக் கை நீளமானால் மிதி லேசாகும், ஆனால் அதிக தூரம் மிதிக்க வேண்டும், ஃபுட்ரெஸ்டில் இடிக்காமல் முழுசாக இறங்குகிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். பாமணியாற்றுக் கரை ரோட்டில், நெல் காயும் இடங்களில் வேகம் குறைத்து மறுபடி கியர் ஏற்றும்போது இப்போது வலியே இல்லை!