எஞ்சின் ஆயில் பரிசோதனை: ரிப்போர்ட் வருவதற்கு முன்னும் பின்னும் நாம் செய்யும் தவறுகள்

மாதவரம் ஷெட்டில் முதன்முதலாக ஆயில் சாம்பிள் எடுத்த அன்று, கிளீனர் பையன் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் கறுப்பு ஆயிலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "எங்கேர்ந்துடா எடுத்த?" என்று கேட்டேன். "டிரேல இருந்துதாண்ணே. எல்லாம் அதே ஆயில்தானே?" என்றான். அதே டிரேயில்தான் காலையில் இன்னொரு வண்டியின் கியர் ஆயிலை வடித்திருந்தோம். அந்தப் பாட்டில் லேபுக்குப் போயிருந்தால் ரிப்போர்ட் அழகாக அச்சாகி வந்திருக்கும். ஒரு எண்கூட எங்கள் எஞ்சினுடையதாக இருந்திருக்காது.

ஓடிய ஆயிலில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளந்து, எஞ்சினின் நிலையையும் ஆயிலின் நிலையையும் கணிப்பதுதான் இந்தப் பரிசோதனை. லேப், பாட்டிலுக்குள் இருப்பதை மட்டும்தான் பார்க்கும். வண்டி எங்கே ஓடியது, எத்தனை மணி நேரம் நின்றபடியே உறுமியது, நடுவில் யார் எவ்வளவு ஆயில் ஊற்றினார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்லவேண்டும். சொல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எஞ்சினைப் பிரித்தவர்களையும், பிரிக்கவேண்டிய எஞ்சினை "நார்மல்" என்று ஓட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகையில் ஒருமுறை நானே இருந்திருக்கிறேன்.

சாம்பிளில் தொடங்கும் கோளாறு

வண்டி இரவெல்லாம் நின்றபின் காலையில் டிரெயின் நட்டைக் கழற்றி, முதலில் விழுவதைப் பிடிப்பதுதான் பலரும் செய்வது. எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பின் அடியில் படிந்த அழுக்கும் நட்டைச் சுற்றியுள்ள மண்ணும் முதலில் வரும். கடைசியில் சொட்டுவதும் அப்படித்தான். வண்டி நன்றாக ஓடி, எஞ்சின் சூடாக இருக்கும்போது, அணைத்து அரை மணி நேரத்துக்குள், ஓடும் தாரையின் நடுவில் பிடிக்கவேண்டும். டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் கைப்பம்பால் உறிஞ்சி எடுப்பது இன்னும் நல்லது. ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் புது டியூப் போடவேண்டும், அது சம்பின் அடியைத் தொடக்கூடாது. ஒருமுறை டிரெயினிலும் அடுத்தமுறை டிப்ஸ்டிக்கிலும் எடுத்துவிட்டு இரண்டு ரிப்போர்ட்டையும் ஒப்பிடுவது வீண் வேலை.

லேப் கொடுக்கும் பாட்டிலையே பயன்படுத்துங்கள். லேபிளில் ஆயிலின் பெயர், கிரேடு, வண்டியின் மொத்தக் கிலோமீட்டர், இந்த ஆயில் ஓடிய கிலோமீட்டர், எஞ்சின் மணி நேரம், நடுவில் ஊற்றிய லிட்டர் இவ்வளவும் எழுதவேண்டும். பெரும்பாலானவர்கள் வண்டி நம்பரை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, லேப் சரியில்லை என்பார்கள்.

இன்னொன்று, புது ஆயிலிலும் ஒரு பாட்டிலை ஒருமுறை அனுப்பிவிடுங்கள். சில ஆயில்களில் மாலிப்டினம், போரான் எல்லாம் பிறவியிலேயே இருக்கும். புது ஆயிலின் கணக்கு கையில் இல்லாவிட்டால், பழைய ஆயிலில் எது ஏறியது, எது இறங்கியது என்று எப்படிச் சொல்வது?

பிபிஎம் என்ற எண் தனியாக எதையும் சொல்லாது

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது. எஞ்சின் தேய்ந்து ஆயிலில் கலந்த உலோகத்தை லேப் இந்த அளவில்தான் சொல்லும். "இரும்பு 40 வந்திருக்கு சார், அபாயமா?" என்று கேட்பார்கள். எத்தனை கிலோமீட்டரில் 40? எத்தனை மணி நேரத்தில்? எந்த எஞ்சினில்?

எங்களிடம் இரண்டு விதமான ஓட்டம் உண்டு. ஒரு வண்டி பெங்களூரு லைனில் போய்வரும். இன்னொன்று எண்ணூர் துறைமுக வரிசையில் எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிற்கும். கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: முதல் வண்டி 330 மணி நேரத்தில் 15,000 கி.மீ. ஓடி இரும்பு 33 பிபிஎம் காட்டுகிறது. இரண்டாவது 400 மணி நேரத்தில் 6,000 கி.மீ. மட்டுமே ஓடி 40 காட்டுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு என்று வகுத்தால் முதலாவதற்கு 2.2, இரண்டாவதற்கு 6.7. அடடா, மூன்று மடங்கு தேய்மானம் என்று பதறத் தோன்றும். மணிக்கு என்று வகுத்தால் இரண்டுக்கும் 0.1தான். தேய்மானம் ஒன்றே, ஓடிய விதம்தான் வேறு. சென்னை நகருக்குள்ளும் துறைமுகச் சாலையிலும் ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கை மட்டும் வைத்து ஆயில் மாற்றும் தேதியைக் குறிப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை.

குறைந்த ஆயிலுக்கு நடுவில் புது ஆயில் ஊற்றும் டாப்-அப் இன்னொரு பொறி. 20 லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் 5 லிட்டர் குறைந்துபோய், சாம்பிள் எடுக்கும் முன் அந்த 5 லிட்டரைப் புதிதாக ஊற்றினால், 40 இருந்த இரும்பு 30 ஆகிவிடும். ஆயில் குடிக்கும் எஞ்சின் ரிப்போர்ட்டில் யோக்கியனாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். டாப்-அப் செய்வதானால் சாம்பிள் எடுத்த பிறகு செய்யுங்கள்.

ஓவர்ஹால் முடிந்த எஞ்சின் முதல் சில மாற்றங்களில் உலோகங்களை அதிகம் காட்டுவது இயல்பு. புது ஆயில் கூலர் உள்ள எஞ்சினில் செம்பு மட்டும் தாராளமாக ஏறும். ஈயமும் தகரமும் கூடவே ஏறாதவரை அதை பேரிங் தேய்மானம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பக்கத்து ஷெட் வண்டியின் எண்ணோடு நம் வண்டியை ஒப்பிடுவதிலும் பயன் இல்லை. அதே வண்டியின் முந்தைய மூன்று ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பிராண்டு மாற்றியதும் இரும்பு இரண்டு பிபிஎம் குறைந்தது என்று கொண்டாடுபவர்கள், அதே பாட்டிலை இரண்டுமுறை சோதித்தாலும் அவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சிலிக்கான் என்றால் எப்போதும் தூசியா?

ஒரு வண்டிக்குச் சிலிக்கான் திடீரென்று நாலைந்து மடங்கு ஏறி வந்தது. தூசி உள்ளே போகிறது என்று ஏர் ஃபில்டரை மாற்றினோம். ஹோஸ் கிளாம்ப்களை எல்லாம் மாற்றினோம். அடுத்த சாம்பிளிலும் அதே கதை. பிறகுதான் ஞாபகம் வந்தது, இரண்டு மாதத்துக்கு முன் டைமிங் கவரைக் கழற்றிச் சிலிக்கான் சீலன்ட் தாராளமாகப் பூசி மாட்டியிருந்தோம். ரிப்போர்ட்டையே ஒழுங்காகப் படித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். தூசி என்பது மண். மண்ணில் சிலிக்கானோடு அலுமினியமும் உண்டு. தூசி போனால் ரிங்கும் லைனரும் தேயும், அதனால் இரும்பும் குரோமியமும் கூட எழும். எங்கள் ரிப்போர்ட்டில் சிலிக்கான் மட்டும் தனியாக நின்றது. மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் ஓடும் வண்டி என்பதால் தூசியைத் தவிர வேறெதையும் நாங்கள் யோசிக்கவில்லை.

"தண்ணீர் இல்லை" என்ற வரி

கூலன்ட் கசிந்தால் ஆயிலில் தண்ணீர் காட்டும் என்று நினைப்போம். சூடான எஞ்சினில் தண்ணீர் ஆவியாகப் போய்விடும். கூலன்ட்டில் கலந்திருந்த சோடியமும் பொட்டாசியமும்தான் தங்கும். தண்ணீர் இல்லை என்று எழுதியிருந்தாலும், புது ஆயிலில் இல்லாத பொட்டாசியம் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஏறிக்கொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டையும் ஆயில் கூலரையும் பாருங்கள்.

பிசுபிசுப்பும் இப்படி ஏமாற்றும். 15டபிள்யூ-40 கிரேடு ஆயிலின் பிசுபிசுப்பு 100 டிகிரி செல்சியஸில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பிசுபிசுப்பை அளக்கும் அலகு) இருக்கவேண்டும். டீசல் கலந்தால் ஆயில் நீர்த்துப்போகும், கரி சேர்ந்தால் கெட்டியாகும். இரண்டும் சேர்ந்து நடந்தால் எண் நடுவில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் புகை ஃபில்டரைச் சுடவைத்துச் சுத்தம் செய்ய, சில எஞ்சின்கள் சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசலைத் தெளிக்கும். நெரிசலில் அந்தச் சுத்திகரிப்பு பாதியில் நின்று நின்று தொடர்ந்தால் டீசல் ஆயிலில் இறங்கும். அதனால் டீசல் கலப்பையும் கரியையும் தனித்தனியாகச் சோதிக்கும் பேக்கேஜைக் கேட்டு வாங்குங்கள். உலோகங்களை மட்டும் பார்க்கும் மலிவான பேக்கேஜ் இந்த இரண்டையும் காட்டாது.

டிபிஎன்: பழைய கணக்கும் புது டீசலும்

ஆயிலில் மிச்சமிருக்கும் அமில எதிர்ப்பைச் சொல்லும் எண்தான் டிபிஎன். முன்பு டீசலில் கந்தகம் அதிகம், அதனால் அது வேகமாகக் கரையும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க விற்கும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான். டிபிஎன் மெதுவாக இறங்குவதைப் பார்த்து ஆயில் இன்னும் பாதி ஆயுளோடு இருக்கிறது என்று முடிவு செய்வது தவறு. அதே நேரத்தில் ஆக்ஸிடேஷனும் (சூட்டில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஆயில் கெடுவது) கரியும் ஆயிலை முடித்துவைத்திருக்கலாம். அமிலத்தை நேரடியாகச் சொல்லும் டிஏஎன்-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிபிஎன் புது ஆயிலில் இருந்ததில் பாதிக்கு இறங்கினாலோ, டிஏஎன் அதைத் தொடும் அளவுக்கு ஏறினாலோ மாற்றிவிடலாம். இன்னொரு சின்ன விஷயம்: டிபிஎன்னை அளக்க ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் டி2896, டி4739 என்று இரண்டு முறைகள் உண்டு, இரண்டும் ஒரே எண்ணைத் தராது. ஆயில் டப்பாவின் விவரத்தாளில் பெரும்பாலும் முதலாவது இருக்கும். லேப் இரண்டாவதில் அளந்திருந்தால், நேற்று ஊற்றிய ஆயில்கூடத் தேய்ந்ததாகத் தெரியும்.

ஒரு நல்ல ரிப்போர்ட் வந்ததும் ஆயில் மாற்றும் 20,000 கி.மீ. இடைவெளியை 40,000-க்குத் தள்ளுவது பேராசை. இரண்டாயிரம் மூவாயிரமாக நீட்டி, ஒவ்வொரு படியிலும் சாம்பிள் எடுத்துப் போகவேண்டும். ஆயில் தாங்கினாலும் ஆயில் ஃபில்டர் தாங்குமா என்பது தனிக் கேள்வி. வாரன்டியில் இருக்கும் வண்டிக்கு இந்த விளையாட்டே வேண்டாம்.

கண்ணுக்குத் தெரிவது லேபுக்குத் தெரியாமல் போவது

நான் ஏமாந்த கதை இதுதான். வழக்கமாக உலோகங்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர், ஏறத்தாழ 5 முதல் 8 மைக்ரான் வரையுள்ள துகள்களைத்தான் ஒழுங்காகப் பார்க்கும். மெல்ல மெல்லத் தேய்வது அதில் தெரியும். பேரிங் உரிந்து செதில் செதிலாக விழுந்தால் அது பெரிய துண்டு, கருவி அதைத் தாண்டிப் போய்விடும். எங்கள் ரிப்போர்ட் "நார்மல்" என்றது. மூன்று வாரத்தில் எஞ்சின் தட்ட ஆரம்பித்தது. கழற்றிப்போட்ட ஃபில்டரை அறுத்துப் பார்த்தபோது மடிப்புகளில் பேரிங் தகடு மினுமினுத்தது. அன்றிலிருந்து எங்கள் ஷெட்டில் ஒவ்வொரு ஃபில்டரையும் அறுத்து, மடிப்பை விரித்து, வெயிலில் பார்க்கிறோம். காந்தமும் வைத்திருக்கிறோம், ஆனால் ஈயம், செம்பு, அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. கண்தான் வேண்டும்.

கறுப்பாகிவிட்டது என்பதற்காக ஆயிலை மாற்றுவதைப் பற்றி ஒரு வரி போதும்: டீசல் எஞ்சினில் ஆயில் இரண்டு நாளில் கறுக்கும், கரியைத் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை.

லேபே தேவைப்படாத இடங்களும் உண்டு. 2015 சென்னை வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அடுக்ககங்களின் ஜெனரேட்டர்கள் பல தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற செட்டின் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் சாம்பிள் அனுப்பி ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல், ஸ்டார்ட் செய்யாமல், வடித்துவிடுங்கள். அப்புறம், ஸ்கூட்டர் வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் சொல்கிறேன்: அதற்குப் பிடிப்பதே ஒரு லிட்டருக்கும் குறைவு, லேபுக்கு மட்டும் நூறு மில்லி போகும். டெஸ்டுக்குக் கொடுக்கும் காசில் இரண்டுமுறை ஆயில் மாற்றிக்கொள்ளலாம்.