தோல் பூட்ஸ் வாங்குவோர் இன்சோல் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் தோல் பூட்ஸைப் போட்டுச் சில அடிகள் நடந்ததும் பாதம் மெத்தென்று அமிழ்ந்தால், அதையே தரம் என்று நம்பிப் பணம் கட்டிவிடுகிறோம். அந்த மென்மை மேலே ஒட்டியிருக்கும் சில மில்லிமீட்டர் நுரையிலிருந்து வருவது. உடல் எடை விழும் குதிகால் பகுதியில் மலிவான நுரை சில மாதங்களிலேயே நசுங்கித் தட்டையாகிவிடும். அதன் பிறகு பாதம் எதன்மேல் நிற்கப்போகிறது என்பதைத்தான் வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

உருவி எடுக்கக்கூடிய மெத்தையோடு சோதனையை முடித்துக்கொள்வது மிகப் பெரிய தவறு. அதற்குக் கீழே, பூட்ஸின் உடலோடு சேர்ந்தே தைக்கப்பட்ட அல்லது ஒட்டப்பட்ட உள் அடித்தளமான இன்சோல்தான் முதுகெலும்பு. நல்ல வெல்ட் தையல் பூட்ஸில் (மேல்தோலையும் இன்சோலையும் ஒரு பட்டையோடு சேர்த்துத் தைத்து, அந்தப் பட்டையில் அடிப்பாகத்தைத் தைப்பது) அது மரப்பட்டைகளின் துவர்ப்புச் சத்தால் பதனிட்ட, சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள தோலாக இருக்கும்; அடியில் கார்க் நிரப்பியிருப்பார்கள். வியர்வையை உறிஞ்சி மெல்ல வெளியேவிடும் இந்தத் தோல், போடப் போட நம் பாதத்தின் மேடுபள்ளங்களுக்கு ஏற்பப் படிந்துகொள்ளும். முதல் நாளில் கட்டாந்தரை போலத் தோன்றுவதால் இதை நிராகரித்துவிடுபவர்கள் பலர். மலிவான பூட்ஸில் இதே இடத்தில் காகித நாரை அழுத்திச் செய்த அட்டை இருக்கும். அட்டை என்றாலே மோசம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தரம் குறைந்த அட்டை தொடர்ந்து வியர்வையில் நனைந்தால் நெளிந்து, மடியும் இடத்தில் விரிசல் விடும்.

ஆகவே மெத்தையைத் தூக்கிவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். தோலின் பரப்பில் இயல்பான ஏற்ற இறக்கம் தெரியும். அட்டை எங்கும் ஒரே சீராக இருக்கும். பிறகு குதிகாலையும் முனையையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடியும் இடத்தில் வளைவதே சரி. நடுப்பகுதியில் வளைந்தால், உள்ளங்கால் வளைவைத் தாங்க உள்ளே வைக்கும் விறைப்பான பட்டையான ஷாங்க் இல்லை அல்லது வலுவற்றது என்று பொருள்.

பிறகு ஒரு தடித்த மெத்தை போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சைஸ் பெரியதாக வாங்குவதும் பயன் தராது. பிரிட்டிஷ் அளவில் ஒரு சைஸ் கூடினால் நீளம் ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் கூடும். பூட்ஸ் மடியும் இடமும் பாதம் மடியும் இடமும் விலகி, குதிகால் வழுக்கிக் கொப்புளம் வரும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், வழக்கமாகப் போடும் சாக்ஸோடு அளவு பாருங்கள்.

போகப் போகச் சரியாகிவிடும் என்ற ஆறுதலுக்கும் எல்லை உண்டு. கணுக்காலருகே உள்ள விறைப்பு தளரும், அகலத்தில் தோல் சற்று நெகிழும். விரல் முனை இடிப்பது ஒருபோதும் சரியாகாது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் பூட்ஸைப் பழக்கும் முயற்சியிலேயே இறங்கக்கூடாது. அவர்கள் அறியாமலே சிறு உராய்வு புண்ணாகிவிடும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே ஜோடியை நாள்தோறும் போட்டால் இன்சோல் காயவே காயாது. இரவில் மெத்தையை வெளியே எடுத்து வைத்து, முடிந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். மழையில் நனைந்ததை வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தால் தோல் இன்சோல் சுருங்கி வெடிக்கும். செய்தித்தாளை உள்ளே திணித்து நிழலில் உலர்த்துவதே போதும்.