சரிவோர அடித்தளத்தின் தாங்குதிறனைக் கணிக்கும் முறை
சமதளத்தில் அடித்தளத்தின் இருபுறமும் மண் எதிர்த்து நிற்கிறது. சரிவோரத்திலோ ஒரு பக்கத்து மண் குறைவதால் நழுவும் பரப்பு (மண் உடைந்து சறுக்கும் பரப்பு) சுருங்கி, தாங்குதிறனும் (மண் உடையாமல் தாங்கக்கூடிய அழுத்தம்) குறைகிறது. எனவே, மண்ணின் ஒட்டுத்திறன் (துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வலிமை), உள் உராய்வுக் கோணம் (துகள்களுக்கிடையேயான உராய்வைக் காட்டும் கோணம்), அலகு எடை (ஓரலகு கன அளவு மண்ணின் எடை) ஆகியவற்றைச் சோதனையில் பெற்று, சரிவின் கோணம், உயரம், அடித்தள விளிம்பிலிருந்து சரிவின் மேல்விளிம்பு வரையுள்ள தூரம் ஆகியவற்றை அளக்க வேண்டும். பிறகு, தொடர் அடித்தளங்களுக்கு (சுவரின் கீழ் நீளவாக்கில் செல்பவை) மண் பொறியியலாளர் மேயர்ஹாஃப் 1957இல் வெளியிட்ட வரைபடங்களிலிருந்து தாங்குதிறன் கெழுக்களை (சூத்திரத்தில் பெருக்கும் எண்களை) எடுத்துக் கணக்கிட்டு, விடையை வழக்கம்போல் 3 என்ற பாதுகாப்புக் காரணியால் வகுக்கலாம். இத்துடன் நிறுத்திவிடும் வழக்கம் ஆபத்தானது: கட்டடச் சுமையையும் மழைக்கால நீரழுத்தத்தையும் சேர்த்து, முழுச் சரிவின் நிலைப்புத்தன்மையையும் தனியே சரிபார்த்தாக வேண்டும். தாங்குதிறன் போதாவிடில், அடித்தளத்தை அகலப்படுத்துவது (அதன் விளிம்பு சரிவை மேலும் நெருங்கிவிடக்கூடும்) அவ்வளவு உதவாது. சரிவிலிருந்து பின்னுக்குத் தள்ளுவதோ ஆழப்படுத்துவதோ பெரும்பாலும் மேலானது.